கெட்டியாகவும் இருக்கட்டும், காபியாகவும் இருக்கட்டும்

(பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டவர்களின் குடும்பத்தினருக்காக நடந்த கூட்டத்தில், பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேசையில் ஃபில்டர் காபியும் ரசமும் கேழ்வரகுக் கஞ்சியும் ஊசி கழற்றிய சிரிஞ்சும் இருப்பதைப் பார்த்துவிட்டு, "இன்றைக்குச் சொற்பொழிவா, சமையல் வகுப்பா?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுங்கச் சிரமப்படுகிறவருக்குப் பானத்தைக் கெட்டியாக்கிக் கொடுப்பது மருத்துவம். அவர் அதை விரும்பிக் குடிக்கும்படி செய்வது சமையல். முதல் பாதியை மருத்துவமனையில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டாவது பாதி உங்கள் தலையில் விழுகிறது. இன்று அதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

ஏன் கெட்டியாக்கச் சொல்கிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். யாருக்காவது புரையேறினால் "யாரோ உன்னை நினைக்கிறாங்க" என்று சொல்லித் தலையில் தட்டுவது நம் வழக்கம். அப்போது தொண்டையில் நடப்பது வேறு. வாய்க்குப் பின்னால் கொஞ்ச தூரத்துக்குக் காற்றும் உணவும் ஒரே பாதையில்தான் போகின்றன. விழுங்கும்போது, ஏறக்குறைய ஒரே நொடிக்குள், குரல்வளை மேலே எழும்புகிறது. அதன் மூடி கவிழ்கிறது. குரல்நாண்கள் நெருங்கி மூச்சுக்குழாயை அடைக்கின்றன. உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. பக்கவாதம், பார்க்கின்சன், மறதிநோய், வாய் அல்லது தொண்டைப் புற்றுநோய்க்குச் செய்த அறுவை, கதிர்வீச்சு இவற்றுக்குப் பிறகு இந்த வேலை தாமதமாகலாம், அரைகுறையாகவும் நடக்கலாம். தண்ணீர் அதுவரை காத்திருக்காது. மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். தொண்டையில் உணர்வு நன்றாக இருப்பவர் இருமி வெளியே தள்ளிவிடுவார். உணர்வு மங்கிப்போனவருக்கு இருமலே வராது. வீட்டில் யாருக்கும் தெரியாமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். பிறகு காய்ச்சல், சளி, நிமோனியா என்று மறுபடியும் ஆஸ்பத்திரி.

கெட்டியான பானம் மெதுவாக நகரும். மூச்சுக்குழாய் மூடிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். தத்துவம் அவ்வளவுதான். ஆனால், "கெட்டியாக இருந்தால் நல்லது, இன்னும் கெட்டியாக இருந்தால் இன்னும் நல்லது" என்று நினைத்துவிடக் கூடாது. அளவுக்கு மீறிக் கெட்டியானால், பலம் குறைந்த தொண்டைத் தசைகளால் அதை முழுவதும் தள்ள முடியாது. மிச்சம் தொண்டையிலேயே தங்கும். விழுங்கி முடித்து மூச்சை இழுக்கும்போது அது மூச்சுக்குழாயில் விழும். ஆகவே, இவருக்கு எந்த அளவு கெட்டி என்பதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் சிகிச்சையாளர். அதை வீட்டில் நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

இனி இதன் மறுபக்கம். பல வீடுகளில் கேட்கிற பேச்சு இது.

"மாமா, இன்னும் ரெண்டு ஸ்பூன் குடிச்சிடுங்க."

"இது என்னம்மா, காபியா? போஸ்டர் ஒட்டுற பசை மாதிரி இருக்கு. எடுத்துட்டுப் போ."

மருமகளிடம் தவறில்லை, கெட்டியாக்கும் பொடியைச் சரியாகத்தான் கலந்திருக்கிறார். மாமனாரிடமும் தவறில்லை. அறுபது வருடமாக டபராவில் ஆற்றிக் காபி குடித்தவருக்கு அது காபியாக இல்லை. இப்படி நாலு வாய் குடித்துவிட்டுத் தள்ளிவைக்கிற டம்ளர்கள் ஒரு நாளில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் நிலைமை புரியும். சிறுநீர் மஞ்சளாகும், மலம் இறுகும், நாக்கு வறளும், ஆள் குழம்பிப் பேசுவார்.

இது வெறும் அனுமானம் இல்லை. 2008இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. மறதிநோயோ பார்க்கின்சனோ இருந்து, தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போவது எக்ஸ்ரே படத்தில் உறுதியான 515 பேரை மூன்று மாதம் கவனித்தார்கள். ஒரு பகுதியினர் சாதாரணப் பானத்தையே தாடையைத் தாழ்த்திக் குடித்தார்கள். மற்றவர்களுக்குக் கெட்டியாக்கிய பானம். நிமோனியா இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். மொத்தத்தில் 11 சதவீதம். நீரிழப்பு மட்டும், தாடையைத் தாழ்த்திக் குடித்தவர்களில் 2 சதவீதம், கெட்டிப் பானம் குடித்தவர்களில் 6 சதவீதம். இதை வைத்துக் கெட்டிப் பானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாருக்கு எது என்பது ஆளைப் பார்த்து முடிவாக வேண்டியது. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: குடிக்காமல் தள்ளிவைத்த பானம் யாரையும் காப்பாற்றாது. கெட்டித்தன்மை எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் ருசி. அதைச் சலுகையாக நினைக்காதீர்கள், அதுவும் சிகிச்சைதான்.

சரி, மேசைக்கு வருவோம். முன்வரிசைத் தம்பி, நீங்கள் கஞ்சி டம்ளரில் இருந்து ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்துப் பாருங்கள். நன்றாக இருக்கிறதா? அதே ஸ்பூனை டம்ளரிலேயே போட்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வையுங்கள். வீட்டில் அம்மா திட்டுகிற காரியம்தான், இங்கே செய்யலாம். அந்த டம்ளரைப் பிறகு பார்ப்போம்.

கெட்டித்தன்மையை எப்படி அளப்பது? முன்பு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெயர் வைத்திருந்தார்கள். ஒருவர் 'தேன் பதம்' என்பார். எந்தத் தேன் என்று கேட்டால் பதில் இருக்காது. 2013இல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற அமைப்பைத் தொடங்கி, உணவுக்கும் பானத்துக்குமாக 0 முதல் 7 வரை எட்டுப் படிகள் வகுத்தார்கள். பானங்களுக்கு 0 முதல் 4 வரை. 0 என்றால் தண்ணீர். 4 என்றால் டம்ளரில் இருந்து குடிக்கவே முடியாது, ஸ்பூனில்தான் எடுக்க வேண்டும். இடையில் உள்ள மூன்றையும் வீட்டிலேயே அளக்கலாம்.

இதோ 10 மி.லி. சிரிஞ்சு. மருந்துக் கடையில் கேட்டாலே கொடுப்பார்கள். ஒன்று மட்டும் பாருங்கள்: பூஜ்யக் கோட்டில் இருந்து 10 மி.லி. கோடு வரை ஸ்கேல் வைத்தால் 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி நீளம் மாறுவதால் இந்தச் சரிபார்ப்பு அவசியம். உள்ளே தள்ளும் தண்டை எடுத்துவிடுங்கள். அடியில் விரலால் அடைத்துக்கொண்டு 10 மி.லி. வரை பானத்தை ஊற்றுங்கள். விரலை எடுத்துவிட்டுப் பத்து நொடி ஒழுகவிட்டு மறுபடி அடையுங்கள். உள்ளே மிச்சம் 1 மி.லி.க்கும் குறைவு என்றால் அது தண்ணீர்ப் பதம், படி 0. 1 முதல் 4 வரை என்றால் படி 1. 4 முதல் 8 வரை படி 2. 8க்கு மேல் நின்று, ஆனால் கொஞ்சமாவது ஒழுகியிருந்தால் படி 3. ஒரு சொட்டுகூட ஒழுகாவிட்டால் படி 4. இங்கே வந்திருக்கும் செவிலியர் மாணவிகளில் ஒருவர் செல்போனில் நொடி பார்க்கட்டும். பொடி கலந்த இந்தக் காபியை ஊற்றுகிறேன்... பத்து. எவ்வளவு நிற்கிறது? ஆறு. படி 2. குடிக்கிற சூட்டில்தான் இதை அளக்க வேண்டும். ஆறிய பிறகு அளந்தால் வேறு கணக்கு வரும்.

இப்போது ருசிக்கு வருவோம். கடையில் கிடைக்கும் திக்கனர் பொடிகள் பெரும்பாலும் இரண்டு குடும்பம். ஒன்று ஸ்டார்ச், அதாவது பதப்படுத்திய மாவுச்சத்து. இன்னொன்று கோந்து வகை; அதில் முக்கியமானது சாந்தன் கம். ஸ்டார்ச் கலந்தால் மாவு வாசனையும் நாக்கில் நறநறப்பும் வரும். வைத்திருக்க வைத்திருக்க மேலும் இறுகும். சாந்தன் கம் அந்த அளவுக்கு இறுகிக்கொண்டே போகாது, நிறத்தையும் அதிகம் கெடுக்காது. ஆனால் கொஞ்சம் வழவழப்பு உண்டு. இரண்டுக்கும் பொதுவான குறை, ருசியையும் மணத்தையும் அடக்கிவிடுவது. பானம் கெட்டியானால் இனிப்பும் கசப்பும் நாக்கின் சுவை மொட்டுகளை எளிதில் எட்டுவதில்லை. மணமும் எளிதில் கிளம்பி மூக்குக்கு வருவதில்லை.

அதனால் காபிக்கு நான் சொல்கிற வரிசை இது. டிகாஷனை வழக்கத்தைவிடத் திக்காக இறக்குங்கள். ருசி குறைகிறதே என்று சர்க்கரையைக் கூட்டாதீர்கள், டிகாஷனைக் கூட்டுங்கள். சர்க்கரையை முதலில் கரைத்துவிடுங்கள். பிறகு பொடியைப் பாக்கெட்டில் சொல்லியுள்ள அளவுப்படி கலந்து, கட்டி விழாமல் அடியுங்கள். அதன் பிறகு பொறுமையாக இருங்கள். பால் சேர்ந்த பானத்தில் சாந்தன் கம் இறுகத் தண்ணீரைவிட அதிக நேரம் எடுக்கும். இங்கேதான் பல வீடுகளில் சறுக்குகிறார்கள். கலக்கிப் பார்த்து, "இன்னும் தண்ணியாத்தானே இருக்கு" என்று இன்னொரு ஸ்பூன் போடுகிறார்கள். பத்து நிமிடத்தில் ஸ்பூன் அதில் நட்டுக்கொண்டு நிற்கிறது. கடைசியாக, கொடுக்கும் தருணத்தில் மேலே ஒரு சிட்டிகை ஏலப்பொடியோ சுக்குப்பொடியோ தூவுங்கள். மாவாக இருக்க வேண்டும், திப்பி இருக்கக் கூடாது. உள்ளே அடங்கிப்போன மணத்தை மேலே இருந்து கொடுக்கிறோம். ஒரு எச்சரிக்கை: கெட்டியான காபி சீக்கிரம் ஆறாது, நாக்கிலும் ஒட்டும். கை மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. தெளிந்த தண்ணீரையும் இளநீரையும் கெட்டியாக்கினால் நாக்கு ஏமாற்றமடைகிறது. அவை கெட்டியாக இருந்து நமக்குப் பழக்கமில்லை. கெட்டியாக இருப்பதுதான் முறை என்று நாம் பழகிய பானங்களில் இருந்து தொடங்குங்கள். மாம்பழச் சாறு, வாழைப்பழம் அடித்த பால், தயிரைக் கடைந்த லஸ்ஸி, சத்துமாவுக் கஞ்சி, பருப்புப் பாயசம். இவற்றை மிக்ஸியில் நன்றாக அடித்து, வடிகட்டி, சிரிஞ்சில் அளந்து, வேண்டுமானால் மட்டும் பொடி சேர்த்துப் படியைச் சரிசெய்யுங்கள். அவர் குடிப்பது நோயாளிக்கான பானமாக இருக்காது. வீட்டில் எல்லோரும் குடிக்கிற பானமாகவே இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு மாம்பழமும் கஞ்சியும் எவ்வளவு, சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இளநீரும் வாழைப்பழமும் ஆகுமா என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கஞ்சி என்றதும் அந்த டம்ளர் நினைவுக்கு வருகிறது. தொடங்கும்போது அளந்தேன்; 9 மி.லி. நின்றது, படி 3. இப்போது ஊற்றுகிறேன். தம்பி, நீங்களே படியுங்கள். மூன்று! படி 1க்கு இறங்கிவிட்டது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஸ்பூனில் இருந்த எச்சில்தான் காரணம். எச்சிலில் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. மாவுச்சத்தை உடைப்பது அதன் வேலை. கஞ்சி, கூழ், ஸ்டார்ச் பொடி கலந்த பானம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஒரே டம்ளரில் இருந்து அரை மணி நேரம் ஊட்டிக்கொண்டிருந்தால், முதல் ஸ்பூன் படி 3ஆகவும் கடைசி ஸ்பூன் தண்ணீராகவும் இருக்கும். ஆகவே சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஊட்டுங்கள். வாய்க்குப் போன ஸ்பூனைப் பெரிய பாத்திரத்தில் விடாதீர்கள். சாந்தன் கம்மை இந்த நொதி உடைப்பதில்லை. மெதுவாகக் குடிப்பவர்களுக்கு அது ஏற்றது என்று சொல்வதற்கு இதுவே காரணம். மலச்சிக்கலுக்குப் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி சாப்பிடுகிறவர் இருந்தால் இன்னொரு கவனம்: அதை ஸ்டார்ச் கலந்த பானத்தில் போட்டால் பானம் நீர்த்துவிடும்.

கெட்டியாகத் தெரிந்து ஏமாற்றும் பண்டங்களும் உண்டு. ஐஸ்கிரீம் வாய்க்குள் உருகித் தண்ணீராகும். ஜவ்வரிசிப் பாயசத்தில் மணி தனி, பால் தனி. ஜிகர்தண்டாவில் பாதாம் பிசின் ஒரு பக்கம், பால் ஒரு பக்கம். ரசம் சாதமும் அப்படியே. பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே ரசம் தொண்டைக்கு ஓடிவிடும். இரண்டு பதம் ஒன்றாக வருவதைச் சமாளிப்பதுதான் இவர்களுக்கு மிகக் கடினம். சப்ஜா விதை போட்ட சர்பத் வேண்டவே வேண்டாம்.

ஆனால் ரசத்தை விட்டுவிடாதீர்கள். விழுங்குதல் ஆராய்ச்சிக்காரர்கள் பல நாடுகளில் தனித்தனியாகத் தேடிக் கண்ட பல விஷயங்கள் நம் ரசச் சட்டிக்குள் இருக்கின்றன. புளிப்பு வாயில் பட்டால் விழுங்கும் அனிச்சைச் செயல் சீக்கிரம் தொடங்குகிறது என்று 1995இல் அமெரிக்காவில் காட்டினார்கள். மிளகு எண்ணெயின் வாசனையை முகரச் செய்தாலே முதியவர்களுக்கு விழுங்கல் விரைவாகிறது என்று 2006இல் ஜப்பானில் கண்டார்கள். மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் விழுங்கலைச் சீராக்குகிறது என்று ஸ்பெயினில் 2014இல் சொன்னார்கள். ரசம் குடித்தால் பக்கவாதம் குணமாகும் என்று நாளைக்கு யாரும் வாட்ஸ்ஆப்பில் போட்டுவிடாதீர்கள். அந்த ஆய்வுகள் ரசத்தை வைத்து நடந்தவை அல்ல. ஆனால் மந்தமான வாய்க்கு உறைப்பும் புளிப்பும் ஒரு அழைப்பு என்பது உண்மை. மிளகும் சீரகமும் தட்டிப்போட்ட ரசத்தைத் துணியில் வடிகட்டி, அவருக்குச் சொல்லியிருக்கும் படிக்குக் கெட்டியாக்கிச் சூடாகக் கொடுங்கள். கெட்டியான தண்ணீரைத் தள்ளுகிறவர் இதைக் கேட்டு வாங்கிக் குடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். கதிர்வீச்சால் வாய் புண்ணாகி இருப்பவருக்கு மட்டும் இது ஆகாது. அவருக்கு ஜில்லென்ற மோரோ லஸ்ஸியோ சரி. சூடாக இருந்தாலும் குளிர்ச்சியாக இருந்தாலும் வாய்க்குத் தெரிய வேண்டும். உடம்புச் சூட்டில் இருக்கிற பானம் வாய்க்குள் வந்ததே சிலருக்கு உறைப்பதில்லை.

எதில் குடிக்கிறார் என்பதும் ருசியோடு சேர்ந்ததுதான். நம்மில் பலருக்கு எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கிற பழக்கம். இவர்களுக்கு அது ஆபத்து. தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாய் திறந்துகொடுக்கிறது. ஒடுக்கமான டம்ளரிலும் கடைசி மடக்குக்கு அண்ணாந்தே ஆக வேண்டும், விளிம்பு மூக்கில் இடிக்கும். வாய் அகன்ற டபராவில் அந்தத் தொந்தரவு குறைவு. அவருக்குப் பழகிய பாத்திரமும் அதுதான். குழந்தைக்கு ஊற்றுகிற பாலாடையைப் பெரியவர்களுக்கு எடுக்காதீர்கள். படுக்கவைத்து எதையும் ஊற்றாதீர்கள். நேராக உட்காரவைத்து, ஊட்டுகிறவரும் எதிரே உட்கார்ந்து, ஒரு வாய் இறங்கிய பிறகு அடுத்த வாய். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் நிமிர்ந்து உங்களைப் பார்ப்பார்; தலை தானாகப் பின்னால் போகும்.

ஒரு நாளைக்கு மூன்று பெரிய டம்ளர் என்று திட்டமிடாமல், அரை டபராவாகப் பல தடவை கொடுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு ருசியாக இருக்கட்டும். காலையில் காபி, பதினோரு மணிக்கு மோர், மதியம் ரசம், சாயங்காலம் சுக்குக் காபி. "என்ன வேண்டும்?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பேச முடியாதவரானால் இரண்டைக் கண்முன்னே காட்டுங்கள், கண்ணாலேயே தேர்ந்தெடுப்பார். கெட்டிப் பானத்தில் உள்ள தண்ணீரும் உடம்பில் சேரத்தான் செய்கிறது. பிரச்சினை உள்ளே போகாததில்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் சிலர் கேட்பது வெறும் தண்ணீரைத்தான். அதற்கும் ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் உள்ள ஃப்ரேசியர் மறுவாழ்வு மையத்தில் 1984 முதல் ஒரு நடைமுறை இருக்கிறது. சாப்பாட்டோடு கெட்டிப் பானம்தான். ஆனால் சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து, வாயை நன்றாகச் சுத்தம் செய்த பிறகு, சாதாரணத் தண்ணீர் குடிக்கலாம். சுத்தமான தண்ணீர் கொஞ்சம் நுரையீரலுக்குள் போனாலும் உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும். வாயில் உள்ள கிருமிகளையும் உணவுத் துணுக்குகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவதில்தான் பெரிய ஆபத்து என்பது இதன் அடிப்படை. எல்லோருக்கும் இது பொருந்தாது. சிகிச்சையாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் இதில் உள்ள பாடம் எல்லோருக்குமானது. பல் தேய்ப்பதும் நாக்கு வழிப்பதும் செயற்கைப் பல்லைக் கழற்றிக் கழுவுவதும் நிமோனியாவைத் தடுக்கிற வேலைகள். வாய் சுத்தமாக இருந்தால் ருசியும் கூடும்.

நிறைவாக, மருத்துவமனையில் இருந்து வீட்டுக்குக் கிளம்பும்போது மூன்று கேள்விகளைக் கேட்காமல் வராதீர்கள். எந்தப் படி? எந்தப் பொடி? மறுபடி எப்போது சோதிப்பீர்கள்? மூன்றாவதுதான் பலரும் விட்டுவிடுகிற கேள்வி. பக்கவாதம் வந்த பலருக்கு முதல் சில வாரங்களில் விழுங்கும் திறன் மெல்லத் திரும்புகிறது. அப்படித் திரும்பிய பிறகும், யாரும் சோதிக்காததால் மாதக்கணக்கில் கெட்டித் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. படி குறையலாம், பொடியே தேவைப்படாமலும் போகலாம். அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் என் கோரிக்கை: டிஸ்சார்ஜ் சீட்டில் 'கெட்டியான பானம்' என்று மட்டும் எழுதாதீர்கள். படி எண்ணை எழுதுங்கள். அதற்குக் கீழே, இவர் என்ன குடித்துப் பழகியவர் என்று கேட்டு அதையும் எழுதுங்கள். காபியா, டீயா, கூழா, மோரா என்று தெரிந்தால்தான், வீட்டில் இருப்பவர் எதைக் கெட்டியாக்குவது என்று தொடங்க முடியும்.

சிரிஞ்சில் அளந்து பார்க்க விரும்புகிறவர்கள் மேசைக்கு வாருங்கள். கஞ்சி டம்ளரை மட்டும் தொடாதீர்கள். காபியும் ரசமும் உங்களுக்காகத்தான்.